பிட்ச்சர் மாறும்போது அம்பயர் என்ன செய்ய வேண்டும்? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் பிள்ளைகளை லிட்டில் லீக் பேஸ்பாலில் சேர்த்துவிட்ட பெற்றோருக்கு இந்தக் கேள்வி பழக்கமானதுதான்: "அம்பயராக நிற்க ஆள் வேண்டும், வர முடியுமா?" கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஸ்ட்ரைக், அவுட், சேஃப் எல்லாம் நாலைந்து ஆட்டங்களில் பிடிபட்டுவிடும். திணறவைப்பது, பந்து எறிபவரான பிட்ச்சரை மாற்றுவதுதான். கிரிக்கெட்டில் ஓவர் முடிந்ததும் கேப்டன் பந்தை இன்னொருவரிடம் தூக்கிப் போட்டால் வேலை முடிந்தது. பேஸ்பாலில் மாற்றத்தை யாரிடம் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும், வந்தவர் குறைந்தபட்சம் எத்தனை பேட்டர்களுக்கு எறிய வேண்டும், அதற்கு முன் எத்தனை பந்து போட்டுக் கையைச் சூடாக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் விதி இருக்கிறது.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த விதிகளில் இரண்டு வகை உண்டு. எத்தனை வார்ம்அப் பந்து, எத்தனை நிமிடம் என்பவை ஆட்டம் இழுபடாமல் இருக்க வந்த விதிகள். தேவைப்பட்டால் அவற்றைத் தளர்த்தும் அதிகாரத்தை விதிநூலே அம்பயருக்குக் கொடுக்கிறது. யார் யாருக்கு எறிந்தாக வேண்டும் என்பவை நியாயத்துக்கான விதிகள். அங்கே ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. புதிய அம்பயர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்வதைப் பார்க்கிறேன். ஒன்பதாவது வார்ம்அப் பந்துக்குக் கண்டிப்பு காட்டுவார்கள், மாற்றவே கூடாத பிட்ச்சரை மாற்றும்போது தலையாட்டிவிடுவார்கள்.

ஆட்டத்துக்கு முன்

எந்த விதிநூலின்படி ஆடுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக் பயன்படுத்தும் அதிகாரபூர்வ விதிநூல் ஒன்று. உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களுக்கு வேறு. லிட்டில் லீக்குக்கு வேறு. தொலைக்காட்சியில் பார்த்ததை வைத்துப் பள்ளி ஆட்டத்தில் தீர்ப்பு சொன்னால் சிக்கல்தான். மேஜர் லீக்கில் 2020 முதல் மாற்று பிட்ச்சர் குறைந்தது 3 பேட்டர்களுக்கு எறிய வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங் (ஓர் அணி பேட் செய்யும் பகுதி) முடிய வேண்டும். பள்ளி விதியில் 1 பேட்டர் போதும்.

இரு அணிகளின் லைன்அப் கார்டையும் (பேட்டிங் வரிசை எழுதிய அட்டை) வாங்கி, தொடக்க பிட்ச்சர் யார் என்று சரிபாருங்கள். கார்டில் பிட்ச்சராகப் பெயர் இருப்பவர், காயமோ உடல்நலக் குறைவோ இல்லாவிட்டால், முதல் பேட்டர் அவுட் ஆகும் வரை அல்லது முதல் பேஸை அடையும் வரை எறிந்தே ஆக வேண்டும். ஒரு பென்சிலும் தனியாக ஒரு சிறு தாளும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

மேனேஜர் மைதானத்துக்குள் வரும்போது

கை உயர்த்தி "டைம்" சொல்லிவிடுங்கள். பந்து செத்த பந்து, ரன்னர்கள் நகர முடியாது. அடுத்து அவர் பேசிவிட்டுப் போக வந்தாரா, மாற்ற வந்தாரா என்று பாருங்கள். பேச மட்டும் வந்திருந்தால் அது ஒரு மவுண்ட் விசிட் (மவுண்ட் என்பது பிட்ச்சர் நின்று எறியும் மேடு). உடனே தாளில் குறித்துவிடுங்கள், பிறகு குறிக்கலாம் என்று விட்டால் மறந்துபோகும். பள்ளி ஆட்டத்தில் 7 இன்னிங்குக்கு இப்படி 3 விசிட் அனுமதி. அதற்கு மேல் போனால் பிட்ச்சரை எடுத்தாக வேண்டும். அதிகாரபூர்வ விதிநூலில் ஒரே இன்னிங்கில் அதே பிட்ச்சரிடம் இரண்டாவது முறை போனால் அவர் வெளியேற வேண்டும். மேஜர் லீக் இதற்கு மேல் மொத்த எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்திருக்கிறது: 2018-இல் ஓர் ஆட்டத்துக்கு 6, 2019-இல் 5, 2024 முதல் 4.

விசிட் எப்போது முடிகிறது என்பது முக்கியம். பிட்ச்சர் கால் வைத்து எறியும் ரப்பர் பலகையைச் சுற்றியுள்ள 18 அடி வட்டத்தை விட்டு வெளியே வந்ததுமே மேனேஜரின் விசிட் முடிந்தது. 2010 ஜூலையில் டாட்ஜர்ஸ் - ஜயன்ட்ஸ் ஆட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். அன்று டாட்ஜர்ஸ் பொறுப்பில் இருந்த டான் மேட்டிங்லி, பிட்ச்சர் ஜொனதன் பிராக்ஸ்டனிடம் பேசிவிட்டு மவுண்டை விட்டு இறங்கினார். முதல் பேஸ்மேன் ஏதோ கேட்க, ஓரிரு அடி திரும்பி நடந்தார். ஜயன்ட்ஸ் மேனேஜர் புரூஸ் போச்சி உடனே வந்து, இது இரண்டாவது விசிட் என்றார். பிராக்ஸ்டன் அங்கேயே எடுக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக வந்த ஜார்ஜ் ஷெரில் போட்ட பந்தில் ஆண்ட்ரேஸ் டோரஸ் டபுள் (இரண்டாவது பேஸ் வரை ஓட வைக்கும் அடி) அடித்தார், இரண்டு ரன் வந்தது, ஜயன்ட்ஸ் 7-5 என்று ஜெயித்தார்கள்.

ஆனால் இந்தச் சூழ்நிலைக்கு விதிநூல் வேறொரு நடைமுறையை எழுதி வைத்திருக்கிறது. அதே பேட்டர் நிற்கும்போது மேனேஜர் இரண்டாவது முறை போகக் கூடாது என்று முதலில் எச்சரிக்க வேண்டும். மீறிப் போனால் மேனேஜர் வெளியே. பிட்ச்சரோ அந்த பேட்டரை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்த இடைவெளியில் அடுத்த பிட்ச்சர் புல்பென்னில் (மாற்று பிட்ச்சர்கள் எறிந்து தயாராகும் இடம்) கையைச் சூடாக்கிக்கொள்ள முடியும். ஆகவே புதியவர்களுக்கு நான் சொல்வது: மேனேஜர் திரும்பி நடக்கத் தொடங்கும்போதே "கோச், போகாதீங்க, போனால் இரண்டாவது விசிட்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். தண்டிப்பதைவிடத் தடுப்பது நல்ல அம்பயரிங்.

மாற்றம் எந்த நொடியில் நடக்கிறது?

மேனேஜர் புல்பென்னைப் பார்த்துக் கையை உயர்த்தினாலே புதிய பிட்ச்சர் அதிகாரபூர்வமாக வந்துவிட்டார் என்று கணக்கு. "சும்மா கையை ஆட்டினேன்" என்று பிறகு சொல்ல முடியாது. யாரும் எதையும் அறிவிக்காமல் ஒருவர் ஓடிவந்து ரப்பரில் நின்றுவிட்டாலும் அவரே பிட்ச்சர், ஆட்டத்தில் சேர்ந்தாகிவிட்டது. அறிவிக்கவில்லை என்பதற்காக அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். கார்டில் எழுதிக்கொண்டு எதிரணிக்குச் சொல்லுங்கள்.

பிட்ச்சரோடு இன்னொரு வீரரையும் மாற்றி, பேட்டிங் வரிசையில் அவர்களின் இடங்களை மாற்றிப் போடும் டபுள் ஸ்விட்சில் வரிசைதான் முக்கியம். மேனேஜர் புல்பென்னுக்குச் சைகை காட்டும் முன்பே, கேட்ச்சருக்குப் பின்னால் நிற்கும் ப்ளேட் அம்பயரிடம் வந்து, யார் எந்த இடத்தில் பேட் செய்வார் என்று சொல்லிவிட வேண்டும். முதலில் பிட்ச்சரைக் கூப்பிட்டுவிட்டு, பிறகு நிதானமாக உங்களிடம் வந்து வரிசையை மாற்றக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

கார்டில் எழுதும்போது பழைய பெயரைக் கிறுக்கி மறைக்க வேண்டாம். மெல்லிய ஒரு கோடு போட்டு, பக்கத்தில் புதியவரின் எண்ணையும் இன்னிங்கையும் எழுதுங்கள். ஆறாவது இன்னிங்கில் "12-ஆம் எண் எப்போது வெளியே போனான்?" என்று யாராவது கேட்டால் கார்டே பதில் சொல்லும். பிறகு எதிரணி மேனேஜர், ஸ்கோரர் இருவருக்கும் சொல்லுங்கள். இரண்டு அம்பயர் இருக்கும் ஆட்டத்தில், நீங்கள் எழுதும்போது பேஸ் அம்பயர் புல்பென் பக்கம் திரும்பி, கூப்பிட்டவர்தான் வருகிறாரா என்று பார்த்துக்கொள்வார்.

வந்தவரை உடனே திருப்பி அனுப்பலாமா?

இங்கேதான் அனுபவசாலிகளும் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். 2013 மே 9 அன்று ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோஸ் - ஏஞ்சல்ஸ் ஆட்டத்தின் 7-ஆவது இன்னிங். ஆஸ்ட்ரோஸ் மேனேஜர் போ போர்ட்டர், இன்னிங்கின் நடுவில் வெஸ்லி ரைட்டைக் கொண்டுவந்தார். ரைட் வார்ம்அப் பந்துகளைப் போட்டு முடித்தார். ஏஞ்சல்ஸ் மேனேஜர் மைக் சியோசியா உடனே மாற்று பேட்டரை அனுப்பினார். அதைப் பார்த்த போர்ட்டர், ஒரு பேட்டருக்குக்கூட எறியாத ரைட்டை எடுத்துவிட்டு ஹெக்டர் ஆம்ப்ரிஸைக் கூப்பிட்டார். அம்பயர்கள் அனுமதித்துவிட்டார்கள். சியோசியா புகார் பதிவு செய்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். 6-5 என்று ஏஞ்சல்ஸ் ஜெயித்ததால் புகாருக்கு வேலை இல்லாமல் போனது. ஆனால் மேஜர் லீக் நிர்வாகம் விடவில்லை. தலைமை அம்பயர் ஃபீல்டின் கல்பிரெத்துக்கு 2 ஆட்டத் தடை, உடன் இருந்த மூவருக்கும் அபராதம்.

விதி அன்றும் தெளிவாகத்தான் இருந்தது: இடையில் வரும் பிட்ச்சர், அப்போது நிற்கும் பேட்டருக்கோ அவருக்குப் பதிலாக வரும் எந்த பேட்டருக்கோ எறிந்து முடிக்க வேண்டும். "பதிலாக வரும் எந்த பேட்டருக்கோ" என்று சேர்த்திருப்பதே இந்தத் தந்திரத்தைத் தடுக்கத்தான். மாற்று பேட்டர் வந்தால் மாற்று பிட்ச்சர், அதற்கு இன்னொரு பேட்டர் என்று அனுமதித்தால் ஆட்டம் எப்போது நகரும்?

இதைப் போலவே தோன்றும், ஆனால் வேறான ஒரு விதியும் உண்டு. ஏற்கெனவே ஆட்டத்தில் இருக்கும் பிட்ச்சர் புதிய இன்னிங்கைத் தொடங்க டக்அவுட்டிலிருந்து (அணி உட்காரும் இடம்) வருகிறார் என்று வையுங்கள். ஃபவுல் லைனை (ஆடுகளத்தின் பக்கவாட்டு எல்லைக் கோடு) தாண்டிவிட்டால், அவர் முதல் பேட்டருக்கு எறிந்தாக வேண்டும். ஆனால் அந்த பேட்டருக்குப் பதில் வேறொருவர் வந்தால் பிட்ச்சரை எடுக்கலாம் என்று இந்த விதியில் ஒரு விலக்கு உண்டு. இந்த விலக்கு இன்னிங்கின் தொடக்கத்துக்கு மட்டும்தான், நடுவில் வந்தவருக்குக் கிடையாது. இரண்டையும் குழப்பினால் ஹூஸ்டனில் நடந்ததுதான் நடக்கும். மேஜர் லீக்கில் இந்த விலக்கை வைத்துப் பிட்ச்சரை வார்ம்அப்புக்கு அனுப்பிவிட்டு, எதிரணி பேட்டரை மாற்றியதும் அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உத்தி நடந்துவந்தது. அதனால் 2024-இல், இன்னிங்குக்கு முன் வார்ம்அப் செய்ய அனுப்பப்பட்டவர் ஒரு பேட்டருக்காவது எறிய வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள்.

3 பேட்டர் விதி உள்ள லீக்கில் நின்றால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வேண்டுமென்றே கொடுக்கும் வாக் (பேட்டரை அடிக்க விடாமல் முதல் பேஸுக்கு அனுப்புவது) ஒரு பேட்டராகக் கணக்கில் வரும். ரன்னரைப் பேஸில் வைத்து அவுட் ஆக்கியது கணக்கில் வராது. ஆனால் அந்த அவுட்டோடு இன்னிங் முடிந்துவிட்டால் அடுத்த இன்னிங்கில் வேறு பிட்ச்சர் வரலாம்.

தவறான மாற்றத்தைச் சரியான நேரத்தில் கவனித்துவிட்டால், முறையான பிட்ச்சரைத் திரும்ப வரச் சொல்லுங்கள். அந்த நேரம் எதுவரை? புதியவர் பேட்டருக்கு முதல் பந்தை எறியும் வரை, அல்லது ஏதேனும் ரன்னர் அவுட் ஆகும் வரை. அதற்குப் பிறகு அவர்தான் முறையான பிட்ச்சர், நடந்ததெல்லாம் செல்லும். ஆகவே சந்தேகம் வந்தால் "ப்ளே" சொல்வதற்கு முன்பே நிறுத்துங்கள்.

லிட்டில் லீக்கில் இன்னொரு கணக்கும் சேரும். ஒரு நாளில் எறியக்கூடிய பந்துகளுக்கு வயதுப்படி வரம்பு உண்டு: 7-8 வயதுக்கு 50, 9-10 வயதுக்கு 75, 11-12 வயதுக்கு 85. ஒரு பேட்டர் நிற்கும்போது நடுவில் வரம்பைத் தொட்டால் அந்த பேட்டரை முடிக்க விடலாம். வார்ம்அப் பந்துகள் இந்தக் கணக்கில் சேராது. இதைக் குறித்துக்கொள்வது ஸ்கோரரின் வேலை என்றாலும், வரம்பை நெருங்கியதும் அவரிடம் எண்ணைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

வார்ம்அப்: எண்ணுவது எப்படி?

பள்ளி விதிப்படி, புதிதாக வரும் பிட்ச்சருக்கு அதிகபட்சம் 8 பந்து, முதல் பந்திலிருந்து 1 நிமிடம். அதே பிட்ச்சர் அடுத்த இன்னிங்குக்குத் திரும்பும்போது 5 பந்து, முந்தைய அரை இன்னிங்கின் மூன்றாவது அவுட்டிலிருந்து 1 நிமிடம். லிட்டில் லீக்கில் 8 பந்து, 1 நிமிடம். மேஜர் லீக்கிலும் பல ஆண்டுகள் இதே 8 பந்து, 1 நிமிடம்தான் எழுதியிருந்தது. இப்போது அங்கே எல்லாம் கடிகாரத்தின்படி நடக்கிறது.

இவை உச்சவரம்பு. புல்பென்னில் நன்றாகச் சூடாகி வந்த பிட்ச்சர் நான்கு பந்து போட்டுவிட்டு "போதும்" என்றால் ஆட்டத்தைத் தொடங்கிவிடலாம்.

எண்ணும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. உங்கள் கையில் இருக்கும் இண்டிகேட்டரில் (பால், ஸ்ட்ரைக், அவுட் எண்ணும் சிறு சக்கரக் கருவி) வார்ம்அப் பந்தை எண்ணாதீர்கள். இன்னிங் நடுவில் பிட்ச்சர் மாறினால், பேட்டரின் 2 பால் 1 ஸ்ட்ரைக் கணக்கு அந்தச் சக்கரங்களில்தான் நிற்கிறது. அதைத் திருப்பிவிட்டால் மீட்க முடியாது, இரு டக்அவுட்டும் வேறு வேறு எண் சொல்லும். விரலில் எண்ணுங்கள். இரண்டு அம்பயர் இருந்தால் எண்ணும் வேலையைப் பேஸ் அம்பயரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் கார்டைப் பாருங்கள்.

கேட்ச்சருக்குப் பின்னால் போய் நிற்க வேண்டாம். வார்ம்அப் பந்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது, அங்கே நிற்க உங்களுக்கு வேலையும் இல்லை. ப்ளேட்டிலிருந்து விலகி, ஃபவுல் லைன் பக்கம், மைதானத்தைப் பார்த்தபடி நில்லுங்கள். அங்கிருந்து அடுத்த பேட்டரையும் கவனிக்கலாம். பந்தின் வேகத்தைக் கணிக்க மட்டையோடு மெல்ல மெல்ல ப்ளேட்டை நெருங்கி வருவார்கள். அது ஆபத்து, பிட்ச்சருக்கும் இடைஞ்சல். "தம்பி, கொஞ்சம் பின்னால் போ" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

இன்னிங் தொடக்கத்தில் அடிக்கடி வரும் சிக்கல் கேட்ச்சர்தான். மூன்றாவது அவுட் விழும்போது அவன் இரண்டாவது பேஸில் ரன்னராக நின்றிருப்பான். ஓடிவந்து கால் காப்பு, மார்புக் காப்பு எல்லாம் மாட்டுவதற்குள் நிமிடம் ஓடிவிடும். மூன்றாவது அவுட் ஆனதுமே அந்த அணி டக்அவுட்டைப் பார்த்து, வேறொரு பையனை அனுப்பிப் பந்து பிடிக்கச் சொல்லுங்கள். அப்படி வருபவன் சிறுவன் என்றால் கேட்ச்சருக்கான முகக் கவசமும் ஹெல்மெட்டும் தொண்டைக் காப்பும் இல்லாமல் ஒரு பந்துகூடப் பிடிக்க விடாதீர்கள். பள்ளியிலும் லிட்டில் லீக்கிலும் இது விதி. நேரமாகிறது என்று யார் முணுமுணுத்தாலும் இதில் இறங்கிவராதீர்கள்.

கடைசிக்கு முந்தைய பந்து விழுந்ததும் ஒரு விரலைக் காட்டி "இன்னும் ஒண்ணு" என்று கேட்ச்சருக்குச் சொல்லுங்கள். கடைசிப் பந்தைப் பிடித்ததும் அவன் இரண்டாவது பேஸுக்கு எறிவது வழக்கம், அதற்கு இன்ஃபீல்டர்கள் தயாராக இருப்பார்கள்.

குளிர்ந்த கையோடு வருபவர்

பிட்ச்சரின் முழங்காலில் பந்து பட்டு அவனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். சென்டர் ஃபீல்டில் நின்ற பையன் மவுண்டுக்கு வருகிறான். அரை மணி நேரமாக அவன் பந்தைத் தொட்டே இருக்க மாட்டான். இவனிடம் போய் 8 என்று எண்ணிக் காட்டுவது தவறு. திடீர் அவசரத்தில் வார்ம்அப் வாய்ப்பே இல்லாமல் வந்தவருக்கு, தேவை என்று அம்பயர் நினைக்கும் அளவுக்குப் பந்துகளை அனுமதிக்க வேண்டும் என்று விதிநூலே சொல்கிறது. பள்ளி விதியில் காயம், வெளியேற்றம், மோசமான வானிலை மூன்றுக்கும் இந்தத் தளர்வு உண்டு.

இரண்டு மேனேஜரையும் கூப்பிட்டு, "காயத்தால் மாற்றம், கை சூடாகும் வரை போடலாம்" என்று அறிவித்துவிடுங்கள். பிறகு எண்ணிக்கையை விட்டுவிட்டு எறிதலைப் பாருங்கள். முதலில் மெதுவாகத் தூக்கிப் போடுவான், தோள் இளக இளக வேகம் கூடும். முழு வேகத்தில் சில பந்து வந்ததும் "ரெடியா?" என்று கேளுங்கள். அவன் தலையாட்டும் வரை காத்திருப்பதில் தப்பில்லை. பிட்ச்சருக்கு இவ்வளவு நேரம் கிடைக்கிறதே என்று எதிரணி புகார் சொன்னால், வளரும் பையனின் தோள்பட்டை அதைவிட முக்கியம் என்று நான் நினைக்கிறேன், விதியும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

இதில் பள்ளி விதி ஒரு பூட்டும் போட்டிருக்கிறது. பதில் ஆளுக்குக் கூடுதல் வார்ம்அப் தேவைப்பட்டிருந்தால், எடுக்கப்பட்டவர் அந்த ஆட்டத்தில் மீண்டும் பிட்ச்சராக வர முடியாது. காயம் என்று சொல்லி நேரம் வாங்கிவிட்டு, அடுத்த இன்னிங்கில் அதே பையனைக் கொண்டுவர முடியாதபடி இந்த ஏற்பாடு. கார்டில் அவன் பெயருக்குப் பக்கத்தில் இதைக் குறித்துவிடுங்கள்.

மறுபடி தொடங்கும்போது

"ப்ளே" சொல்லும் முன் வரிசையாக ஒரு பார்வை: கேட்ச்சர் தவிர மற்ற ஃபீல்டர்கள் எல்லோரும் கோட்டுக்குள் இருக்கிறார்களா, ரன்னர்கள் தங்கள் பேஸில்தான் நிற்கிறார்களா, பேஸ் அம்பயர் தயாரா, பந்தோடு பிட்ச்சர் ரப்பரில் நிற்கிறாரா. அப்புறம் கணக்கைச் சத்தமாகச் சொல்லுங்கள்: "ரெண்டு பால், ஒரு ஸ்ட்ரைக், ஒரு அவுட்." பிட்ச்சர் மாறினாலும் பேட்டரின் கணக்கு மாறாது, புதியவர் பழையவர் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.

அந்த நேரத்தில் ஒரு மேனேஜர் வந்து, இந்த மாற்றமே செல்லாது என்று சொன்னால் அவசரப்படாதீர்கள். இது கண்ணால் பார்த்துச் சொன்ன தீர்ப்பு அல்ல, விதியைப் பற்றிய கேள்வி. அதைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. உங்கள் கூட்டாளியைக் கூப்பிட்டு, மற்றவர்கள் காதில் விழாதபடி பேசுங்கள். விதிநூல் பையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். சிக்கலான கேள்விக்கு ஆட்டத்தைப் 10 நிமிடம் நிறுத்தி நூலைப் பார்ப்பது, புகாரில் ஆட்டம் ரத்தாகி மறுபடி ஆடுவதைவிட மேல் என்று அம்பயர்களுக்கான பொது அறிவுரையில் அதிகாரபூர்வ விதிநூலே எழுதியிருக்கிறது. பார்த்து முடித்ததும் இரு மேனேஜரையும் ஒன்றாக அழைத்து, எந்த விதி, என்ன முடிவு என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள்.